ஆறு வாரம் ஜெர்மனி, தனியாக: எதை எடுத்துப் போவது, வீட்டோடு எப்படிப் பேசுவது?

கேள்வி: எனக்கு 29 வயது. கோவையில் நெசவு இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் நிறுவனத்தில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். அக்டோபர் நடுவில் ஆறு வாரப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு, ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு, என்னை மட்டும் அனுப்புகிறார்கள். விசா வந்துவிட்டது. சென்னையிலிருந்து பிராங்க்ஃபர்ட்டுக்கு விமானம். இதுவரை விமானத்தில் போனது மும்பை வரைக்கும்தான். அப்பா இல்லை, பொள்ளாச்சி வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். போய் வந்தவர்கள் ஆளுக்கொரு பட்டியல் கொடுக்கிறார்கள்: குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, பத்துக் கிலோ அரிசி. அம்மாவோ மூன்று வேளையும் வீடியோ காலில் வரவேண்டும் என்கிறார். “பொட்டப்புள்ளையத் தனியா அனுப்பறதா?” என்று சித்தப்பா ஒரு பக்கம். உண்மையில் குறைந்தபட்சம் என்ன தயாரிப்பு வேண்டும்? அம்மாவை எப்படிச் சமாளிப்பது?
பெயர் வேண்டாத வாசகி, பொள்ளாச்சி

பதில்:

அன்புள்ள சகோதரி,

பட்டியல் கொடுத்தவர்கள் மேல் கோபம் வேண்டாம். அவர்களில் பலர் வருஷக்கணக்கில் தங்கப் போனவர்கள், அல்லது நாலு பேர் சேர்ந்து வீடெடுத்துச் சமைத்தவர்கள். நீங்கள் ஒற்றை ஆள், ஆறு வாரம். பொறியாளர்களை வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் பயணப் பிரிவில் இருப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன்: குக்கர் இல்லையே என்று எவரும் எனக்கு நள்ளிரவில் போன் செய்ததில்லை. கார்டு வேலை செய்யமாட்டேன் என்கிறது, போன் செத்துவிட்டது, மகன் எடுக்கவில்லை என்று ஊரில் அழுகிறார்கள். வருகிற அழைப்பெல்லாம் இந்த ரகம்தான்.

அதனால் பெட்டியைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். விமானக் கம்பெனி எத்தனை கிலோ அனுமதித்தாலும், உங்கள் கைக்கு எது அடங்குமோ அதுதான் அளவு. நிறைத்த பெட்டியை நீங்களே தூக்கி ஒரு மாடி ஏறிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் எடையைக் குறையுங்கள். சின்ன ஊர் விடுதிகளில் லிஃப்ட் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. ரயிலில் ஏற்றி இறக்கவும் போர்ட்டர் வரமாட்டார்.

அரிசி, பருப்பு, தயிர் அங்கேயே கிடைக்கும். துருக்கிக்காரர் கடையில் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் இருக்கும். ஸ்டுட்கார்ட் போன்ற நகரங்களில் ஈழத்தமிழர் கடைகளும் உண்டு. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, அம்மா கையால் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் போதும். பொடிகளைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் வையுங்கள். நெய், பால்கோவா, பால் இனிப்புகள் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் பயணிகள் பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள்.

மின்சாரம் நம்மூரைப் போல 230 வோல்ட்தான். போன் சார்ஜரின் ஒல்லியான இரண்டு முனைப் பிளக் அங்கே நேராகப் போகும். மடிக்கணினியின் மூன்று முனைப் பிளக்தான் போகாது. ஜெர்மன் சாக்கெட் வட்டமாக, உள்ளே குழிந்திருக்கும். பட்டையான ‘யுனிவர்சல்’ அடாப்டர் சில அதற்குள் சரியாக உட்காராது. அந்த வட்டக் குழிக்குள் உட்காரும் அடாப்டர் ஒன்றும், நம்மூர் எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்றும் இருந்தால் எல்லாம் ஓடும். குளிருக்கு உள்ளே போடும் தெர்மல் இரண்டு செட், காற்றும் மழையும் தாங்கும் ஜாக்கெட் ஒன்று. நவம்பர் கடைசியில் அங்கே நாலரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பழகிய மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு வையுங்கள். அங்கே பாராசிட்டமால்கூட மருந்துக்கடையில்தான், சூப்பர் மார்க்கெட்டில் கிடையாது. பெட்டி விஷயம் இவ்வளவுதான்.

இனி போன். உங்கள் பணம், டிக்கெட், வழி, அம்மா எல்லாம் அதற்குள்தான் இருக்கிறார்கள். முதல் விதி: இந்திய சிம்மைக் கழற்றாதீர்கள். அங்கே போய் ஜெர்மன் சிம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். அங்கே ப்ரீபெய்டு சிம்முக்கும் அடையாளச் சரிபார்ப்பு உண்டு. முதல் நாளே முடியும் என்ற உறுதியில்லை. அதைவிட, நம் வங்கிச் செயலிகள் பலவும் சிம் போனுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பவை. கழற்றிய மறுநாள் மறுபடி பதிவு செய் என்று நிற்கும். அதற்கு ஓடிபி கேட்கும். ஓடிபி வரவேண்டிய சிம் உங்கள் பர்ஸில் தூங்கும். ஒருவரை இந்தச் சுழலிலிருந்து மீட்டெடுக்க எனக்கு ஒரு முழு இரவு போனது.

உங்கள் போன் இ-சிம் (தனி அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) ஏற்குமா என்று இன்றே பாருங்கள். ஏற்குமானால் ஐரோப்பாவுக்கான டேட்டா இ-சிம் ஒன்றை இங்கேயே வாங்கி, வீட்டு வைஃபையில் நிறுவிவிடுங்கள். இறங்கியதும் இயக்கினால் போதும். அதற்கான க்யூஆர் கோடு பெரும்பாலும் மின்னஞ்சலில், அதே போனுக்கு வரும். அதே போனால் அதை ஸ்கேன் செய்வதெப்படி என்று விமான நிலையத்தில் முழிப்பவர்கள் உண்டு. மடிக்கணினியில் திறந்தோ தாளில் அச்செடுத்தோ வேலையை முடியுங்கள். இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங் சேவையைப் புறப்படும் முன்பே இயக்கச் சொல்லுங்கள், ரீசார்ஜ் நீங்கள் திரும்பும் தேதியைத் தாண்டி இருக்கட்டும், அந்த சிம்முக்கு ‘டேட்டா ரோமிங்’ மட்டும் அணைந்திருக்கட்டும். ஓடிபி குறுஞ்செய்தி வரும், பில் எகிறாது. எண்ணை மாற்றட்டுமா என்று வாட்ஸாப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஜெர்மனி என்பதால் வாட்ஸாப் அழைப்புக்குத் தொல்லையில்லை. துபாய் என்றால் வாட்ஸாப்பில் பேச முடியாது, சீனா என்றால் வாட்ஸாப்பே திறக்காது. அடுத்த முறை வேறு நாட்டுக்கு அனுப்பினால் இதை முதலில் விசாரியுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு கேள்வி. அந்தப் போன் தொலைந்தால் விடுதிக்குப் போய்ச் சேருவீர்களா? ஒரு சின்ன அட்டையில் கையால் எழுதுங்கள்: விடுதியின் பெயர், முகவரி, உங்களை வரவேற்கும் ஜெர்மன் நிறுவன ஆளின் எண், உங்கள் மேலாளர் எண், காப்பீட்டு உதவி எண், கார்டை முடக்கும் எண், +91 சேர்த்து அம்மாவின் எண். அம்மா எண்ணை மனப்பாடமாகச் சொல்லச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் விழிக்கிறார்கள். அட்டையின் நகல் ஒன்று பெட்டிக்குள், ஒன்று அம்மாவிடம். பாஸ்போர்ட், விசா, காப்பீடு ஆகியவற்றின் நகலும் அதேபோல. ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலம் மியூனிக்கில் உள்ள நம் துணைத் தூதரகத்தின் பொறுப்பில் வருகிறது, பிராங்க்ஃபர்ட்டில் இறங்குவதால் அங்குள்ளதன் எண்ணை எழுதிவிடாதீர்கள். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ், தீயணைப்பு 112, போலீஸ் 110.

பணம். ஜிபே, போன்பே பழக்கத்தைச் சென்னை விமான நிலையத்தோடு நிறுத்திவிடுங்கள். யூரோ ஏற்றிய ஃபாரக்ஸ் கார்டு ஒன்று, உங்கள் வங்கி கார்டு ஒன்று. இரண்டும் ஒரே பர்ஸில் இருக்கக் கூடாது. 2020-லிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் என்றே வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டைச் செயலியில் நீங்கள்தான் இயக்கவேண்டும், அதிலும் ஏடிஎம், கடை, ஆன்லைன் என்று தனித்தனி பொத்தான்கள். கடையில் மெஷின் “ரூபாயா, யூரோவா?” என்று கேட்டால் யூரோவை அமுக்குங்கள். ரூபாயை அமுக்கினால் மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரர் வைப்பார். பேக்கரி, சின்ன உணவகங்களில் ரொக்கம் மட்டும் என்று பலகை இருப்பது இன்றும் சகஜம். இருநூறு, முந்நூறு யூரோ, பத்தும் இருபதுமாக வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டுத் தாளில் தேதியைப் பாருங்கள். ஷெங்கன் விசாவுக்கு (ஜெர்மனி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பதால் எப்படியும் எடுத்திருப்பீர்கள். ஆனால் பயணத் தேதி பிறகு தள்ளிப்போய், காப்பீடு பழைய தேதியிலேயே நிற்பது நடக்கிறது.

பிராங்க்ஃபர்ட்டில் குடியேற்ற அதிகாரி கேட்பது எதற்காக, எத்தனை நாள், எங்கே தங்கல், திரும்பும் டிக்கெட் எங்கே, இவ்வளவுதான். அழைப்புக் கடிதத்தில் பயிற்சி என்று இருந்தால் பயிற்சி என்றே சொல்லுங்கள். பேச்சுவாக்கில் ‘வேலை செய்ய வந்தேன்’ என்றால் அவர் வேலைக்கான விசாவைத் தேடுவார். கடிதம் தாளாகக் கையில் இருக்கட்டும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறையில் உள்ளே வந்ததும் வெளியே போனதும் முகப்படத்தோடு கணினியில் பதிவாகிறது. வரிசை நீண்டால் பதற்றப்பட வேண்டாம்.

அந்த வரிசையை மனத்தில் வைத்தே ரயில் டிக்கெட் எடுங்கள். விமான நிலையத்தை ஒட்டிய ரயில் நிலையத்திலிருந்தே ஸ்டுட்கார்டுக்கு வேக ரயில் உண்டு. ஒன்றேகால் மணி நேரம்போல் ஆகும். மலிவு டிக்கெட் ஒரே ஒரு ரயிலுக்குத்தான் செல்லும், அதை விட்டால் போச்சு. போய் இறங்கும் நாளுக்கு மட்டும் எந்த ரயிலிலும் ஏறக்கூடிய டிக்கெட் வாங்கித் தரச் சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள், காசு கூடினாலும் பரவாயில்லை. இன்னொன்று: அங்கே சில நீண்ட ரயில்கள் நடுவழியில் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகும். ஏறும்முன் பெட்டியின் பக்கத்தில் எந்த ஊர் எழுதியிருக்கிறது என்று பார்த்து ஏறுங்கள்.

விடுதிக்கு இப்போதே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். சின்ன ஊர் விடுதிகளில் மாலையானால் வரவேற்பு மேசையில் ஆள் இருக்கமாட்டார். சாவி வாசலில் ஒரு பெட்டிக்குள் இருக்கும், அதன் எண்ணை முன்கூட்டியே அனுப்புவார்கள். அந்த எண் தெரியாமல் குளிரில் இரவு எட்டு மணிக்கு வாசலில் நிற்பது நல்ல தொடக்கமில்லை. ஞாயிறு போய் இறங்குகிறீர்களா என்றும் பாருங்கள். ஞாயிறன்று கடைகள் அடைப்பு. பெரிய ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் பங்கும்தான் கதி. முதல் இரண்டு வேளைக்கு ஏதாவது கையில் இருக்கட்டும்.

இனி அம்மா. உங்கள் கடிதத்தில் இதற்கு ஒரே வரிதான் கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் ஆறு வாரமும் எப்படிப் போகும் என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

மூன்று வேளை வீடியோ கால் நடக்காது. நாலு நாள் ஒப்பேற்றுவீர்கள். ஐந்தாம் நாள் ஒரு கூட்டம் நீளும், அன்றைக்கு அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். எங்கள் பொறியாளர் ஒருவர் இறங்கியதும் “வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு ரயில் ஏறித் தூங்கிவிட்டார். ஊரில் அப்பா ஆறு தடவை அழைத்து, மாமாவுக்குச் சொல்லி, மாமா வட்டச் செயலாளருக்குச் சொல்லி, கடைசியில் எங்கள் நிர்வாக இயக்குநருக்கே போன் போய்விட்டது. பையன் ஒன்றும் தப்பு செய்யவில்லை. போன் எடுக்காவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் அந்த அப்பாவுக்குச் சொல்லிவைக்கவில்லை.

நீங்கள் அதைச் சொல்லிவைத்துவிட்டுப் புறப்படுங்கள். முதலில் பயண நாள். சென்னையில் விமானக் கதவு அடைத்தால் பத்து மணி நேரம் போல் பேச்சில்லை. அப்புறம் வரிசை, பெட்டி, ரயில். ஸ்டுட்கார்ட் பாதையில் சுரங்கங்கள் நிறைய, சிக்னல் வரும், போகும். கதவடைத்ததிலிருந்து அறைக்குள் போய் உட்கார 15 மணி நேரம்கூட ஆகலாம். இதை மணிக்கணக்காகத் தாளில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள்: “இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை நான் பேசமாட்டேன், அதுதான் சரி. இறங்கியதும் ஒரு செய்தி, அறைக்குப் போனதும் ஒரு அழைப்பு. ராத்திரி இத்தனை மணி வரைக்கும் அறையிலிருந்து அழைப்பு வராவிட்டால் இன்னாருக்குப் பேசு.” அந்த இன்னார் கோவை அலுவலகத்தில் பெயரும் எண்ணும் உள்ள ஓர் ஆள். அவரிடம் முன்பே சொல்லி, அம்மாவையும் ஒருமுறை அவரோடு பேசவைத்துவிடுங்கள்.

பிறகு அன்றாடம். பயிற்சி முடிந்து அறைக்கு வந்து மாலை ஏழுக்கு அழைத்தால் பொள்ளாச்சியில் இரவு பத்தரை. அம்மா சீரியல் முடித்து, தூக்கத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு காத்திருப்பார். மதிய இடைவேளையில், அங்கே பன்னிரண்டரைக்கு அழையுங்கள். இங்கே மாலை நாலு மணி, காப்பி நேரம். பத்து நிமிஷம். பால்காரர், பக்கத்து வீடு, இன்றைக்கு என்ன குழம்பு என்று பேசுங்கள். வீடியோவை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அன்று கடை வேறு இல்லாததால் நேரம் தாராளம்.

இதில் ஒரு சிக்கல் உங்கள் பயணத்துக்கு நடுவே வருகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். மூன்றரை மணி நேர வித்தியாசம் நாலரை ஆகிவிடும். மறுநாள் நீங்கள் வழக்கம்போல் பன்னிரண்டரைக்கு அழைத்தாலும் அம்மாவுக்கு அது ஐந்து மணி. அந்த ஒரு மணி நேரம் அவர் என்னென்ன நினைப்பார் என்று உங்களுக்கே தெரியும். தினசரி காலண்டரில் அந்தத் திங்கட்கிழமைத் தாளில் “இனி 5 மணி” என்று சிவப்பில் எழுதிவிட்டுப் போங்கள்.

அழைக்க முடியாத நாளைக்கு ஒரு குரல் செய்தி போதும். “சாப்பிட்டேன், கூட்டம் இருக்கு, நாளைக்குப் பேசறேன்.” உங்கள் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொள்வார். தொடர்ந்து ஒரு நாள் முழுக்க, அதாவது 24 மணி நேரம், எதுவுமே வராவிட்டால் மட்டும் அலுவலக ஆளுக்குப் பேசுவது என்று முடிவு செய்யுங்கள். நேரடி இருப்பிடத்தைப் பகிரும் வசதியை அம்மாவுக்குப் போட்டுக்கொடுக்காதீர்கள் என்பது என் கருத்து. சுரங்கத்துக்குள் அந்தப் புள்ளி நின்றால் வீடே நின்றுவிடும். இரவில் தெரியாத ஊரில் போகவேண்டியிருந்தால் அங்குள்ள சக ஊழியர் ஒருவரோடு பகிருங்கள். ஏதாவது என்றால் வரக்கூடியவர் அவர்தானே.

அம்மா உங்களைப் பற்றிக் கவலைப்படுவதையே எழுதியிருக்கிறீர்கள். பொள்ளாச்சி வீட்டில் தனியாக இருக்கப்போவது அவர். யாருடைய பட்டியலிலும் இல்லாத தயாரிப்பு இதுதான். அம்மா போனுக்கு 84 நாள் ரீசார்ஜ் போடுங்கள். நடுவில் வேலிடிட்டி தீர்ந்தால் நீங்கள் அங்கே பதறுவீர்கள். வாட்ஸாப்பில் சேர்ந்து கிடக்கும் ‘காலை வணக்கம்’ படங்களை அழித்து இடம் உண்டாக்குங்கள். மாத்திரை இரண்டு மாதத்துக்கு, கேஸ் முன்பதிவு, கரண்ட் பில். எதிர்வீட்டில் நம்பிக்கையான ஆளிடம் ஒரு சாவியும் உங்கள் வாட்ஸாப் எண்ணும். அம்மா போன் எடுக்காவிட்டால் நீங்கள் அழைக்கவேண்டியது அந்த வீட்டைத்தான், உங்களுக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். வெளிநாட்டுப் படங்களைத் திரும்பி வந்தபிறகு போட்டுக்கொள்ளலாம். வீட்டில் அம்மா தனி என்று ஊருக்கே அறிவிப்பானேன்?

சித்தப்பாவோடு வாதாடாதீர்கள். அவருக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். “ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீங்க வந்து அம்மாவைப் பார்த்துட்டுப் போனா எனக்கு நிம்மதியா இருக்கும் சித்தப்பா” என்று சொல்லிப் பாருங்கள். அந்த வீடியோ காலில் அவரும் உட்காருவார். இரண்டாவது வாரமே ஜெர்மனி ரயிலைப் பற்றி டீக்கடையில் அவர்தான் பேசிக்கொண்டிருப்பார்.

இரண்டாம், மூன்றாம் வாரங்களில் உங்களுக்கே ஒரு சோர்வு வரும். புதுசு தீர்ந்திருக்கும், சீக்கிரம் இருட்டும், சனிக்கிழமை மாலை நீளமாக இருக்கும். அதை அம்மாவிடம் கொட்டாதீர்கள், அவரால் அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது. ஒரு தோழியை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைகளில் காலையிலேயே ரயிலேறி எங்காவது போய்விடுங்கள். உல்ம் நகரத்துத் தேவாலயக் கோபுரம் 161 மீட்டர், நெடுங்காலம் உலகிலேயே உயரமான தேவாலயம் என்ற பெயர் வாங்கியது. ஸ்டுட்கார்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது.

புறப்பட இன்னும் நாள் இருப்பதால் ஒன்று செய்து பாருங்கள். வருகிற ஞாயிறு காலையில் தனியாக உதகைக்குப் பஸ் ஏறுங்கள். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள், வழிக்குக் கையில் எழுதிய அட்டை மட்டும். அம்மாவிடம் நாலு மணிக்கு ஒரு அழைப்பு, அதற்கு முன் ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போங்கள். மூன்றரைக்கே அவர் எதிர்வீட்டுக்குப் போய்விட்டாரா, அலுவலக ஆளின் எண் எழுதிய தாள் எங்கே என்று தேடினாரா, அழைப்பு வந்ததும் எந்தப் பொத்தானை அமுக்கினார் என்று சாயங்காலம் வந்து கேளுங்கள். தாளில் திருத்தவேண்டியது என்ன என்பது அப்போது தெரியும்.